விலாசம் பிழைத்த பார்சல்

ஜேர்மனியில் பிள்ளை வளர்க்கிற தமிழர் வீடுகளுக்கு ஒரு தீவுப் பாட்டு எப்படியும் வந்து சேரும். கிண்டர்கார்டனுக்குப் போகத் தொடங்கிய சில மாதங்களிலேயே பிள்ளை அதைக் கொண்டுவந்துவிடும். இரண்டு மலைகளும் ஒரு ரயில் பாதையும் உள்ள குட்டித் தீவொன்றின் பாட்டு அது. பாட்டுக்குப் பின்னால் ஒரு பொம்மலாட்டக் குழு இருக்கிறது. குழுவுக்குப் பின்னால் ஒரு எழுத்தாளர் இருக்கிறார். இரண்டு பேருக்கும் பின்னால் குண்டு விழுந்து எரிந்த நகரங்கள் இருக்கின்றன. கோப்பை கழுவியும் மரக்கறி வெட்டியும் நாள் கழிக்கிற நாங்கள் ஒரு சிறுவர் கதையைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத வந்ததற்குக் காரணம், அந்தக் கதை எங்கள் கதைக்கு மிகக் கிட்ட நிற்கிறது என்பதுதான்.

கதை இதுதான். லுமர்லாண்ட் என்ற மிகச் சிறிய தீவு. அதை ஆளுகிறவர் பதினொன்றேமுக்காலாவது அல்போன்ஸ் மன்னர். குடிமக்கள் கடைக்கார வாஸ் அம்மா, எந்த வேலையும் இல்லாத ஒரு பிரஜை, லூக்காஸ் என்ற என்ஜின் டிரைவர், எம்மா என்ற அவருடைய ரயில் என்ஜின். அவ்வளவுதான். ஒருநாள் தபால் கப்பலில் ஒரு பார்சல் வருகிறது. விலாசம் எழுத்துப் பிழைகளால் நிரம்பியிருக்கிறது. ஊரின் பெயரில் முதல் எழுத்து வாசிக்க முடியாத கிறுக்கல். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கறுப்புக் குழந்தை. ஜிம் என்று பெயர் வைக்கிறார்கள். அவனுடைய காற்சட்டை எப்போதும் ஒரே இடத்தில் கிழிகிறது. தைத்துத் தைத்துக் களைத்த வாஸ் அம்மா கடைசியில் அந்த இடத்தில் ஒரு தெறியை வைத்துவிடுகிறார். ஜேர்மன் மொழியில் தெறிக்கு க்னோப் என்று பேர். அதனால் அவன் ஜிம் க்னோப்.

அந்தப் பார்சல் உண்மையில் போகவேண்டியிருந்த இடம் குமர்லாண்ட். ஜேர்மன் மொழியில் குமர் என்றால் துயரம். அது டிராகன்களின் ஊர். கடற்கொள்ளைக்காரர் பிள்ளைகளைக் கடத்தி அங்கே ஒரு பெண் டிராகனுக்கு விற்கிறார்கள். அவள் பிள்ளைகளைச் சங்கிலியால் மேசையோடு கட்டிவைத்துப் பாடம் நடத்துகிறாள். லுமர்லாண்டுக்கும் குமர்லாண்டுக்கும் இடையில் இருந்தது ஒரு எழுத்துத்தான். கனடாவுக்குக் காசு கட்டி ஜேர்மனியில் இறங்கினவர்கள் எங்களில் எத்தனை பேர்! அனுப்பினவன் ஒரு பெயர் எழுதினான், எல்லையில் இருந்தவன் வேறு பெயர் எழுதினான், அலுவலகத்தில் இருந்தவர் மூன்றாவது பெயரைக் கணினியில் தட்டினார். பிழைத்த எழுத்து எங்கே கொண்டுபோய் விடும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இந்தக் கதையை எழுதியவர் மிக்கேல் எண்டே. 1929ல் பிறந்தவர். அவருடைய தந்தை எட்கார் எண்டே சர்ரியலிச ஓவியர். 1936ல் நாஸிகள் அவருக்கு ஓவியத் தொழில் செய்யத் தடை போட்டார்கள். 1944ல் மியூனிச் நகரத்தில் விழுந்த குண்டுகளில் அவருடைய ஓவியங்களில் பெரும்பகுதி எரிந்து போயிற்று. 1945ல், போர் முடியப்போகிற நேரத்தில், பதினைந்து வயது மிக்கேலுக்குப் படையில் சேரும்படி கடிதம் வந்தது. அவர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தாயிடம் ஓடிப்போனார். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் துவக்கைத் தூக்கச் சொல்வது என்றால் என்னவென்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

ஜிம் க்னோப்பின் கையெழுத்துப் பிரதி பதிப்பகம் பதிப்பகமாகப் போய்த் திரும்பி வந்தது. 1960ல்தான் ஸ்ருட்கார்ட்டில் இருந்த தீனமான் பதிப்பகம் அதைப் புத்தகமாக்கியது. 1961ல் சிறுவர் இலக்கியத்துக்கான ஜேர்மன் பரிசு கிடைத்தது. பரிசுச் செய்தி வந்த நேரம், ஏழு மாத வாடகைப் பாக்கிக்காக வீட்டுக்காரி அவர்மேல் வழக்குப் போட்டிருந்தார். பரிசு வாங்கினவருக்கும் வாடகைக் கடிதம் வரும் என்று அறியும்போது, தபால்பெட்டியைத் திறக்கப் பயப்படுகிற எங்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இனிப் பொம்மைக்காரர்களின் கதை. வால்டர் ஓமிகென் அவுக்ஸ்பூர்க் நகர நாடக அரங்கில் நடிகராகவும் நெறியாளராகவும் இருந்தவர். போரின்போது படையாளாகப் பிரான்சில் இருந்த காலத்தில் பொம்மலாட்டத்தில் பற்றுக்கொண்டு, பின்னர் வீட்டில் மனைவியோடும் இரண்டு மகள்மாரோடும் ஒரு சிறிய பொம்மை மேடையைக் கட்டினார். 1944 பெப்ரவரி 25ம் திகதி இரவு தொடங்கிய குண்டுவீச்சில் நகரம் எரிந்தபோது அந்த மேடையும் எரிந்தது. சரியாக நாலு வருடம் கழித்து, 1948 பெப்ரவரி 26ம் திகதி, பழைய மருத்துவச் சாலைக் கட்டடமொன்றில் புதிய மேடையைத் திறந்தார்கள். முதல் நாடகம், சப்பாத்துப் போட்ட பூனையின் கதை. குழுவுக்கு அவுக்ஸ்பூர்க் பொம்மைப் பெட்டி என்று பெயர். மேடையின் முன்பக்கம் சாமான் அனுப்புகிற மரப்பெட்டியின் மூடி மாதிரி இருக்கும். ஆட்டம் தொடங்கும்போது அந்த மூடி இரண்டாகத் திறக்கும். எல்லாம் எரிந்துபோன ஊரில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாளிகையின் பெயரை வைக்காமல் பெட்டியின் பெயரை வைத்தது எங்களுக்கு நன்றாக விளங்குகிறது. பெட்டி தூக்கிக்கொண்டு போகக் கூடியது.

ஓமிகெனின் மகள் ஹனலோர தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பாவைகளை மரத்தில் செதுக்கியவர். 1953லேயே இந்தக் குழு தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது. எண்டேயின் புத்தகம் வந்த அடுத்த வருடமே, 1961ல், ஹெஸன் மாநில வானொலி தொலைக்காட்சி நிலையத்தோடு சேர்ந்து ஜிம் க்னோப்பைக் கறுப்பு வெள்ளையில் படமாக்கத் தொடங்கினார்கள். 1962ல் எண்டேயின் இரண்டாம் பாகமான 'ஜிம் க்னோப்பும் காட்டுப் பதின்மூன்றும்' வெளிவந்தது. அதையும் எடுத்தார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் இரண்டு கதைகளையும் கலரில் திரும்பவும் எடுத்தார்கள். இன்று பிள்ளைகள் பார்ப்பது அதைத்தான்.

அந்தப் படத்தில் கடல் என்பது பிளாஸ்ரிக் தாள். மெல்லிய, கண்ணாடி மாதிரித் தாளை விரித்து ஆட்டுகிறார்கள், அலை எழும்புகிறது. எம்மா என்ஜின் அதன்மேல் மிதந்து போகிறது. பாவைகளின் நூல்கள் நன்றாகத் தெரிகின்றன. நூலை மறைக்க யாரும் பிரயாசைப்படவில்லை. குரல்களை முதலிலேயே நாடாவில் பதிந்துவைத்து, அதற்கேற்றபடி மேலே பாலத்தில் நின்று ஆட்டுகிறார்கள். ஆட்டுகிறவர்களைப் பார்ப்பவர்கள் காண்பதில்லை. கீழே கோப்பையில் அழகாக வந்து நிற்கிற சாப்பாட்டுக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. தோமாஸ் ஹெட்ஷே என்ற எழுத்தாளர் 2020ல் இந்தக் குழுவைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதன் பெயர் 'இதய நூல்'. பாவையிலிருந்து பார்ப்பவருடைய நெஞ்சுக்குப் போகிற, கண்ணுக்குத் தெரியாத நூல்.

இதே எண்டேயின் இன்னொரு புத்தகத்துக்கு நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1979ல் வந்த 'முடிவற்ற கதை'யை 1984ல் வூல்ப்காங் பீற்றர்சன் படமாக்கினார். கிட்டத்தட்ட 60 மில்லியன் மார்க் செலவு. அதுவரை ஜேர்மனியில் எடுத்த படங்களில் அதிகம் செலவான படம் என்று பேசப்பட்டது. இயந்திரத்தால் ஆட்டுகிற பென்னம்பெரிய டிராகன் செய்தார்கள். எண்டே அந்தப் படத்தைப் பார்த்துக் கொதித்துப் போனார். வழக்குப் போட்டார், தோற்றார். படத்தின் தொடக்கத்தில் தன் பெயர் வரக்கூடாது என்று எடுப்பித்தார். கோடிக்கணக்கில் செலவழித்தவர்களால் தர முடியாத எதைப் பிளாஸ்ரிக் கடல்காரர்கள் தந்தார்கள் என்று நாங்கள் யோசித்துப் பார்த்தோம். பெரிய படம் எல்லாவற்றையும் தானே காட்டிவிடுகிறது. பார்க்கிற பிள்ளைக்குச் செய்ய வேலை இல்லை. பொம்மைப் பெட்டி பாதிதான் தருகிறது. தாளைக் கடலாக்குவது பிள்ளை. மரத்துண்டை ஜிம் ஆக்குவதும் பிள்ளைதான். தெரியாத முகத்தை மனிதனாகப் பார்க்கிற பழக்கத்தை இப்படித்தான் பழக்க முடியும்.

ஆனால் பழக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. எங்கள் மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது சக பிள்ளைகள் அவனை ஜிம் க்னோப் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். வகுப்பில் மண்ணிறத் தோல் அவன் ஒருவனுக்குத்தான். ஆசிரியையிடம் போய்ச் சொன்னோம். அவர் நல்ல மனுசி. ஜிம்மை எல்லோருக்கும் பிடிக்கும், அன்பாகத்தானே கூப்பிடுகிறார்கள் என்றார். எங்களோடு சமையலறையில் நிற்கிற மூத்த அண்ணை ஒருவரிடம் இதைச் சொன்னோம். "தம்பி, எங்களுக்கு இஞ்ச வைச்ச பேருகளோட பாக்கேக்க இது பட்டப்பேர் இல்லை, பட்டம்" என்று சிரித்துவிட்டு, கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "எண்டாலும் பிள்ளைக்குச் சொந்தப் பேர் இருக்குத்தானே" என்றார். இரண்டும் சரிதான்.

ஜேர்மனியில் வளர்ந்த கறுப்பின மக்கள் பலர் இதே பெயரைச் சுமந்து திரிந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜிம்மின் முகத்தைப் பழைய படங்களில் வரைந்த விதத்தையும் கேள்வி கேட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் கறுப்பு மக்களை இழிவாகக் குறிக்கிற சொல் ஒன்றும் இருந்தது. 2024ல் பதிப்பகம் அந்தச் சொல்லை நீக்கி, படங்களையும் திருத்தி, புதிய பதிப்பு வெளியிட்டது. தணிக்கை என்று சிலர் சத்தம் போட்டார்கள். அந்தச் சொல் தன் முகத்தில் வந்து விழாதவர்களுக்கு அது இலக்கியப் பிரச்சினை. உணவகத்தின் பின்வாசலில் குப்பை கொட்டப் போகிறபோது அப்படிப்பட்ட சொற்களைக் கேட்டுப் பழகிய எங்களுக்கு, ஒரு சொல் குறைந்ததால் கதை குறைந்துவிடவில்லை.

ஏனென்றால் கதையின் முதுகெலும்பு வேறு இடத்தில் இருக்கிறது. டிராகன்களின் ஊர் வாசலில் ஒரு அறிவிப்பு. தூய இரத்த டிராகன்களுக்கு மட்டுமே அனுமதி, மற்றவர்களுக்கு மரணம். நெப்போமுக் என்ற அரை டிராகன் அங்கே நுழைய முடியாது. அவனுடைய தாய் நீர்யானை. அவன் எரிமலைகளின் நாட்டில் தனியாக இருக்கிறான். யூலியா வோஸ் என்ற ஆய்வாளர் 2009ல் வெளியிட்ட புத்தகத்தில், நாஸிப் பள்ளிக்கூடத்தில் இனத்தூய்மைப் பாடம் படிக்க வைக்கப்பட்ட எண்டே அந்தப் பாடத்துக்கு எழுதிய மறுப்புத்தான் இந்தக் கதை என்று காட்டினார். ஜிம்முக்குப் பின்னால் ஒரு உண்மையான பையனின் நிழலையும் அவர் கண்டார். 1830ல் தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து ஆங்கிலேயக் கப்பல் தலைவர் பிட்ஸ்ரோய் ஒரு பையனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அவனுக்குக் கொடுத்த விலை ஒரு சிப்பித் தெறி என்று சொல்லப்பட்டது. அதனால் அவனுக்கு ஜெமி பட்டன் என்று பெயர் வைத்தார்கள். டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலில்தான் அவன் திரும்பி ஊருக்குப் போனான்.

வேலை இல்லாத நாட்களில் மகனோடு இரண்டு பாகங்களையும் வாசித்தோம். எங்களுடைய ஜேர்மன் சமையலறை ஜேர்மன். கத்தி, எண்ணெய், சீக்கிரம், முடிந்தது என்கிற சொற்களால் ஆனது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன வாசிப்பை ஒரு சிறுவர் புத்தகத்தில் திரும்பத் தொடங்கினோம். அவன் எங்கள் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே வந்தான். பிறகு ஒரு ஓய்வு நாளில் அவுக்ஸ்பூர்க்குக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். பொம்மைப் பெட்டியின் அரங்கு இருக்கிற கட்டடத்திலேயே அதன் அருங்காட்சியகமும் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஜிம்மும் லூக்காசும் நின்றார்கள். மகன் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தான்.

"இவ்வளவு சின்னனா?" என்று கேட்டான்.

திரும்பி வருகிற ரயிலில் வகுப்புப் பிள்ளைகளின் பேச்சு வந்தது. "நான் ஜிம் இல்லை. விளையாடினா நான் லூக்காஸ். என்ஜின் ஓட்டுறவர்" என்றான். தோலின் நிறத்தை வைத்து வேடத்தைப் பங்கிட வேண்டியதில்லை என்று நாங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனாகத்தான் அந்த இடத்துக்கு வந்தான். வகுப்பில் அவனுக்கு லூக்காஸ் வேடம் கிடைத்ததா என்றால், சில நாள் கிடைத்தது, சில நாள் கிடைக்கவில்லை.

கதையில் எங்களை அதிகம் உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. ஜிம் வளர்கிறான். மன்னருக்குக் கவலை பிடிக்கிறது. இவன் பெரியவனானால் இவனுக்கும் ஒரு வீடு வேண்டும், இடம் எங்கே? தீவு நிரம்பிவிட்டது. ஆகவே எம்மா என்ஜின் போகவேண்டும். மன்னர் கெட்டவர் அல்ல. மிகுந்த துக்கத்தோடுதான் இந்த முடிவை எடுக்கிறார். லூக்காசால் எம்மாவை விட முடியாது. ஜிம்மால் லூக்காசை விட முடியாது. ஒரு இரவில் மூன்று பேரும் என்ஜினையே கப்பலாக்கிக்கொண்டு கடலில் இறங்குகிறார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டில் கேட்ட வசனம், படகு நிரம்பிவிட்டது என்பது. 1992 ஓகஸ்டில் ரொஸ்ரொக் நகரில் வெளிநாட்டவர்கள் இருந்த கட்டடத்தைத் தாக்கித் தீ வைத்தபோது சனம் நின்று கைதட்டியது. 1993 மே 26ம் திகதி பாராளுமன்றம் அரசியல் சட்டத்தில் இருந்த தஞ்ச உரிமையைச் சுருக்கியது. பாதுகாப்பான மூன்றாம் நாடு வழியாக வந்தவர் அந்த உரிமையைக் கேட்க முடியாது என்றானது. ஜேர்மனியைச் சுற்றியிருக்கிற நாடுகள் எல்லாமே பாதுகாப்பான நாடுகள் என்பதால் தரை வழியாக வந்தவருக்குக் கதவு மூடியது. மூன்று நாள் கழித்து ஸோலிங்கன் நகரில் ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் இறந்தார்கள். அப்போது இங்கே இருந்த அண்ணைமார், படுக்கைக்குப் பக்கத்தில் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு படுத்த கதையைச் சொல்வார்கள். பிறகு வந்த எங்களில் பலருடைய கையில் வருடக் கணக்காக இருந்த கடதாசியின் பெயர் டுல்டுங். சகித்துக்கொள்ளல் என்று அர்த்தம். மன்னர் அல்போன்சும் ஜிம்மைச் சகித்துக்கொண்டுதான் இருந்தார்.

வழியில் பாலைவனத்தில் ஜிம்மும் லூக்காசும் ஒரு பூதத்தைக் காண்கிறார்கள். வானத்தை முட்டுகிற உயரம். ஜிம்முக்கு உதறல் எடுக்கிறது. லூக்காஸ், கிட்டப் போய்ப் பார்ப்போம் என்கிறார். பூதம் கிட்டக் கிட்டச் சிறுத்துக்கொண்டே வருகிறது. முன்னால் வந்து நிற்கும்போது சாதாரண உயரமுள்ள ஒரு கிழவர். டூர் டூர் என்று பெயர். மற்ற மனிதர்கள் தூரப் போகப் போகச் சிறுப்பார்கள். இவர் தூரப் போகப் போகப் பெருப்பார். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஓடிவிடுவதால் கிட்ட வந்து பார்க்க ஆளில்லை. அதனால் ஒருவரும் இல்லாத பாலைவனத்தில் தனியாக இருக்கிறார். பத்திரிகைத் தலைப்புகளில் நாங்கள் அலை, வெள்ளம், படை. தொகையாக, தூரத்தில். கிட்ட வந்து பார்த்தால் வெங்காயம் வெட்டிக் கண் சிவந்த ஒரு ஆள்.

இரண்டாம் பாகத்தில் எண்டே எல்லாக் கணக்கையும் தீர்க்கிறார். ஜிம் ஒரு பழைய அரச குலத்தின் கடைசிப் பிள்ளை என்று தெரிகிறது. கடலுக்குள் அமிழ்ந்துபோன அவனுடைய நாடு மேலே எழும்பி வருகிறது. அப்போதுதான் விளங்குகிறது, இடம் இல்லை என்று சொன்ன லுமர்லாண்டின் இரண்டு மலைகளும் அந்த நாட்டின் உச்சிகள். வந்தேறியின் நிலத்தின்மேல்தான் அந்தத் தீவு இருந்திருக்கிறது. எங்களுக்கு அப்படியொரு நாடு கடலிலிருந்து எழும்பி வரும் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அந்தப் பகுதியை வாசிக்கும்போது எங்கள் குரல் கொஞ்சம் வேகமாகப் போய்விடுகிறது.

அதைவிட நாங்கள் நம்புகிறது டூர் டூருக்கு நடந்ததை. லுமர்லாண்டுக்குப் பக்கத்தில் கப்பல்கள் இருட்டில் மோதத் தொடங்குகின்றன. வெளிச்சவீடு வேண்டும். கோபுரம் கட்டத் தீவில் இடம் இல்லை. அப்போது ஜிம்முக்கு அந்தக் கிழவரின் ஞாபகம் வருகிறது. அவரைக் கூட்டி வருகிறார்கள். தீவில் அவருக்கு ஒரு ஆள் நிற்கிற இடம் போதும். இரவில் கையில் விளக்கோடு நிற்பார். தூரத்தில் வருகிற கப்பலுக்கு அவர் வானளவு உயரமாகத் தெரிவார். எல்லோரையும் ஓட வைத்த அதே குணம் அவருக்கு வேலையாகிவிட்டது. நிரம்பிவிட்டது என்று சொன்ன தீவுக்கு, இன்னும் ஒரு ஆளைக் கூப்பிட்டதால்தான் வெளிச்சம் கிடைத்தது.